எங்கள் வீட்டில் எத்தனை பேர்

எங்கள் வீட்டில் யாரும் ஒரு கேள்விக்கு உடனே பதில் சொல்வதில்லை. "ஏன் கேக்கிறியள்?" என்பதுதான் எங்கள் முதல் பதில். கூரியர்காரர் கீழே நின்று போன் எடுத்து வீட்டு இலக்கத்தைச் சொல்லி "இதுதானே?" என்றால், அம்மா ஓம் என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார். "நீங்கள் ஆர்?" என்பார். பார்சலில் இருப்பது அம்மாவே ஓடர் பண்ணிய சீலையாக இருக்கும். அப்பா வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு வரும்போது, என்ன மீன் என்று லிப்டில் யாராவது கேட்டால் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொள்வார். நான் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் என் போனைப் பார்க்கிறாரா என்று பார்த்துப் பார்த்தே இருபத்தைந்து வயதுக்கு வந்துவிட்டேன்.

என்னோடு படித்தவர்கள் இதை யாழ்ப்பாணத்துக் குணம் என்று சிரிப்பார்கள். குணமோ என்னவோ, எங்கள் வீட்டில் இதற்கு ஒரு தொடக்கம் இருக்கிறது. இடம்கூடச் சொல்லலாம். கொட்டாஞ்சேனையில் ஒரு மூன்று மாடிக் கட்டடம், அதன் படிக்கட்டின் அடி.

அப்போது எனக்கு ஏழு வயது. யுத்தத்தின் கடைசிக் காலம். தொலைக்காட்சியில் செய்தி தொடங்கியதும் அப்பா எழுந்து சத்தத்தைக் குறைப்பார். எங்கள் வீட்டில் என்ன செய்தி கேட்கிறார்கள் என்பது படியேறிப் போகிறவர்களுக்குத் தெரியவேண்டியதில்லை. அந்த நாட்களில் கொழும்பில் எங்களைப் போன்ற வீடுகளில் பொலிஸ் பதிவுப் படிவம் ஒன்று இருந்தது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், என்ன வயது, என்ன தொழில், எங்கிருந்து வந்தவர்கள், ஏன் வந்தார்கள் என்று எல்லாம் அதில் எழுதவேண்டும். பொலிஸில் முத்திரை குத்தித் தந்த பிரதியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் கொழுவி வைத்திருந்தோம். வருகிற விருந்தாளிகள் அதை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்கள்.

கட்டடத்தில் இருந்த ஒன்பது வீடுகளுக்கும் அந்தப் படிவத்தைச் சிங்களத்தில் நிரப்பித் தருபவர் கீழ் வீட்டு அங்கிள். துறைமுகத்தில் கிளார்க். வேதக்காரர். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர் என்பதால் அவருடைய தமிழ் எங்கள் தமிழ் மாதிரி இராது. நாங்கள் "எண்டு" என்றால் அவர் "ன்னு" என்பார். சிங்களமோ தண்ணீர் மாதிரி ஓடும். படிக்கட்டின் அடியில்தான் அவருடைய ஜன்னல். வேலை முடிந்து வந்து அதன் ஓரத்தில் உட்கார்ந்து, பெரிய உருண்டை எழுத்தில் எங்கள் எல்லோருடைய பெயர்களையும் எழுதுவார். இதற்கு யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. அம்மாவுக்கு அதுவும் ஒரு யோசனைதான். "சும்மா ஆர் செய்வினம்?" என்பார்.

அம்மாவுக்கு மரக்கறிக்கடைச் சிங்களம் மட்டும் தெரியும். அப்பா புறக்கோட்டையில் ஓர் இரும்புக்கடைக்கு வேலைக்குப் போய்விடுவார். வழியில் சோதனைக்கு மறித்தால் என்ன சொல்வது? அம்மா கீழ் வீட்டு அங்கிளிடம் கேட்டு ஒரு வசனத்தைத் தமிழ் எழுத்தில் எழுதி வாங்கி வந்து, அக்காவுக்கும் எனக்கும் பாடமாக்கினார்.

"அப்பி ஹத்தர தெனய், மாத்தயா."

நாங்கள் நாலு பேர், ஐயா. அப்பா, அம்மா, அக்கா, நான்.

அக்கா வெட்கத்தில் அம்மாவின் பின்னால் ஒளிந்துவிடுவாள். நானோ கேட்கமுன்னமே சொல்லுவேன். சோதனைச் சாவடியில் சொன்னேன். ஐஸ்கிறீம் வான்காரரிடம் சொன்னேன். ஆமர் வீதிச் சந்தியில் ஒரு சிப்பாய் என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்து, பையைத் திறக்காமலே போகவிட்டார். அன்றைக்கு நான் குடும்பத்தையே காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அந்த வருட மாரி காலத்தில் பெரியம்மாவின் மகன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார். நான் அண்ணா என்று கூப்பிடுவேன். இருபத்தொரு வயது. லண்டனில் படிக்க இடம் கிடைத்திருந்தது. விசா நேர்முகத்துக்காகக் கொழும்பில் நிற்கவேண்டும். அவர் வந்து இறங்கிய அன்றே அம்மா படிவத்தோடு கீழே போனார். அங்கிள் புதுப் படிவம் எழுதினார். ஐந்து பேர். ஐந்தாவது ஆளுக்கு நேரே "தற்காலிகம்" என்று போட்டு, ஏன் வந்தார் என்பதையும் எழுதிக் கொடுத்தார். பொலிஸில் முத்திரை விழுந்தது. ஆணியில் பழையது போய்ப் புதியது வந்தது. எல்லாம் முறைப்படி.

அண்ணா எனக்கு ரேடியோ என்று பெயர் வைத்தார். "அடியே ரேடியோ, கொஞ்சம் நிப்பாட்டு. பட்டரி இறங்கப்போகுது" என்பார். எனக்கு அவரை அவ்வளவு பிடித்தது.

கிறிஸ்மஸுக்குக் கீழ் வீட்டிலிருந்து ஒரு பீங்கான் தட்டில் கேக்கும் அச்சுப் பலகாரமும் வந்தன. விளிம்பில் நீலப் பூப் போட்ட தட்டு. பலகாரம் வந்த தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பது அம்மாவின் முறை. பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கொடுப்போம் என்று தட்டைக் கழுவி அலுமாரியில் வைத்தார்.

பொங்கலுக்கு முன்னால் பொலிஸ் வந்தது. மத்தியானம். அப்பா வேலையில். நான் படிக்கட்டின் அடியில் விளையாடிக்கொண்டிருந்தேன். பளபளவென்ற சப்பாத்துகள். ஒருவர் குனிந்து என்னோடு ஏதோ கதைத்தார், டொபி ஒன்று தந்தார். பிறகு மேலே போனார்கள். இறங்கி வரும்போது நடுவில் அண்ணா வந்தார். என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். போன மாதம் வரை எனக்கு ஞாபகம் இருந்தது இவ்வளவுதான்.

அண்ணாவைப் பதினொரு நாள் வைத்திருந்தார்கள். அடிக்கவில்லை என்றார். நாங்கள் நம்பவில்லை, திருப்பிக் கேட்கவும் இல்லை. நேர்முக நாள் அதற்குள் போய்விட்டது. லண்டனில் கிடைத்த இடமும் போய்விட்டது. வெளியே வந்து அவர் சொன்ன ஒரு விஷயம்தான் எங்கள் வீட்டில் பதினெட்டு வருடம் தங்கியது. "அவங்கள் திருப்பித் திருப்பி ஒண்டைத்தான் கேட்டவங்கள். கட்டடத்தில விசாரிச்சதாம். மேல் வீட்டில நாலு பேர்தான் எண்டு சொன்னவையாம். அப்ப நீ ஆர் எண்டு கேட்டவங்கள்."

கட்டடத்தில் அவர்களோடு சிங்களத்தில் கதைக்கக்கூடியவர் யார்? அம்மாவுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அதற்கு மேல் சாட்சிகளும் சேர்ந்தன. எந்நேரமும் திறந்திருக்கும் அந்த ஜன்னல் அன்றைக்கு மட்டும் சாத்தியிருந்தது. அன்று பின்னேரம் பொலிஸ் நிலையத்துக்கு ஓடிய அப்பா, கீழ் வீட்டு அங்கிள் உள்ளேயிருந்து வெளியே வருவதைக் கண்டார். சார்ஜன்ட் அவருடைய தோளில் கை போட்டிருந்தார். அப்பா ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டார். அந்த மரத்தைப் பற்றி மட்டும் அப்பா ஒருபோதும் சொல்லமாட்டார், அம்மாதான் சொல்லுவார்.

ஒரு மாதத்துக்குள் வெள்ளவத்தைக்கு வந்துவிட்டோம். போகிறோம் என்றுகூடக் கீழ் வீட்டில் சொல்லவில்லை. சாமான்களோடு நீலப் பூத் தட்டும் வந்துவிட்டது. அம்மா அதை எறியவும் இல்லை, பாவிக்கவும் இல்லை.

அதற்குப் பிறகு உலகத்தில் என்ன நடந்தாலும் அது எங்கள் கதவுக்கு "எத்தனை பேர்?" என்ற கேள்வியாகத்தான் வந்தது. யுத்தம் முடிந்தபோது வெளியே வெடி கொளுத்தினார்கள்; நாங்கள் உள்ளே இருந்து ஒவ்வொருவரும் வீடு வந்து சேர்ந்துவிட்டோமா என்று எண்ணிக்கொண்டிருந்தோம். ஈஸ்டர் அன்று தேவாலயங்களில் குண்டு வெடித்தபோது, கொட்டாஞ்சேனைப் பக்கம் என்று செய்தியில் வந்ததும் அப்பா எழுந்து நின்றுவிட்டார். "அந்தாள் போற கோயிலோ தெரியாது. ஆரிட்டையும் விசாரிப்பமோ?" என்றார். "வேண்டாம். ஏன் விசாரிக்கிறியள் எண்டு கேப்பினம்" என்றார் அம்மா. ஒரு மனிதர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கவும் எங்களுக்குப் பயம். அந்தக் கிழமை பஸ்ஸில் பர்தா போட்ட ஒரு பெண் என் பக்கத்தில் பெரிய பையோடு வந்து உட்கார்ந்தார். நான் பையைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவர் பார்த்தார். சிறுமியாக இருந்தபோது என் பள்ளிக்கூடப் பையைப் பார்த்த கண்கள் இப்போது என் முகத்தில் வந்து இருப்பது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் எழுந்து வேறு இருக்கைக்குப் போனேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. பிறகு கொரோனா. வீட்டுக்கு வீடு ஆள் எண்ணிக்கை எழுதிக்கொண்டு போனார்கள். மூன்றாம் மாடியில் இருமல் கேட்கிறது என்று யாரோ அறிவித்துவிட்டார்கள். யார் அறிவித்தது என்று முழுக் கட்டடமும் ஒரு மாதம் யோசித்தது. எங்களைத்தான் யோசித்தார்கள் என்று நினைக்கிறேன்.

போன மாதம் அண்ணா கனடாவிலிருந்து வட்ஸ்அப்பில் வந்தார். லண்டன் இடம் கைவிட்டுப் போன பிறகு ஆறேழு வருடம் அலைந்துதான் அவர் கனடா சேர்ந்தது. இப்போது மனைவி, இரண்டு பிள்ளைகள், தலையில் கொஞ்சம் வழுக்கை. ஓகஸ்டில் வருகிறாராம்.

"வந்தால் முதல்ல கொட்டாஞ்சேனைக்குத்தான். அந்தாளை நேர பாத்து ஒரே ஒரு கேள்வி கேக்கோணும்."

அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. "விடு தம்பி. வயசு போன மனுசன். ஏதும் நடந்தால்..."

"நான் என்ன அடிக்கவோ போறன் சித்தி? ஏன் சொன்னனீங்கள் எண்டு கேக்கப்போறன். அவ்வளவுதான்."

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அண்ணா வரமுன்னம் நானே போய் உண்மையை வாங்கிவிட வேண்டும், ஆதாரத்தோடு. வீட்டில் சொல்லவில்லை. சனிக்கிழமை புறக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். கட்டட வாசலில் நின்று போனில் ஒலிப்பதிவைத் தொடக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஜன்னல் திறந்திருந்தது.

"யாரு?"

"நான் முந்தி மேல் மாடியில இருந்த..."

"மேல் வீட்டுச் சின்ன மகளா? எந்நேரமும் கதைச்சிட்டே இருக்கிற?"

எண்பது வயதிருக்கும். சாரம், வெள்ளை பெனியன். சுவரில் அவருடைய மனைவி ஆன்ட்டியின் படத்துக்குச் சிவப்பு பல்ப் எரிந்தது.

"யுனிவர்சிட்டியில ஒரு அசைன்மென்ட் அங்கிள். பழைய கட்டடங்களைப் பற்றி."

"இந்தக் கட்டடத்துல பழசு நான்தான். உள்ள வாங்க மகள். அந்த போனைப் பைக்குள்ள வச்சா சத்தம் சரியா விழாது. மேசைக்கு மேல வைங்க."

எனக்குக் காது சுட்டது. வைத்தேன். பிளேன்டீ கொண்டுவந்தார். குடிப்பதா விடுவதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பையன் எப்படி? கல்யாணம் கட்டிட்டானா?"

"ஏன் கேக்கிறீங்கள்?" என் வாய் முந்திவிட்டது.

அவர் இருமி இருமிச் சிரித்தார். "அப்படியே உங்க அம்மா."

இனிச் சுற்றி வளைத்துப் பயனில்லை. "அங்கிள், அண்ணாவைப் பிடிச்ச அண்டைக்கு நீங்கள் பொலிசுக்குப் போனீங்கள்தானே? அப்பா கண்டவர்."

"போனேன். ஜன்னலச் சாத்திட்டு, ஜீப்புக்குப் பின்னால ஓட்டோ பிடிச்சிட்டுப் போனேன். போர்ம் எழுதினது நான், மகள். அஞ்சு பேருன்னு என்ட கையால எழுதியிருக்கேன். அவங்க அஞ்சாவது பேரைப் பிறகு செருகினதுன்னு, நாலு பேருதான்னு நிக்கிறாங்க. நாலு மணித்தியாலம் மர வாங்குல உக்கார வச்சாங்க. கடைசில அந்த சார்ஜன்ட் தோளைத் தட்டி, நீங்க வீட்டுக்குப் போங்க, உங்க பேரு இதுல வேணாம்னு அனுப்பிட்டாரு."

"நாலு பேர் எண்டு ஆர் சொன்னது?"

அவர் கையை நீட்டி என் போனைக் கவிழ்த்து வைத்தார். "அதை நிப்பாட்டுங்க." நிறுத்தினேன். "இவ்வளவு காலம் போச்சு. எதுக்கு மகள்?"

"அண்ணா வாறார். உங்களை நேர கேக்கப்போறாராம்."

"வரட்டும். நான்தான்னு சொல்லிடறேன்."

எனக்கு இதுதான் பெரிய சந்தேகமாகப் பட்டது. செய்யாதவர் ஏன் நான்தான் என்று சொல்லப்போகிறார்? "இல்லை, சொல்லுங்கோ" என்று பிடிவாதமாக இருந்தேன்.

அவர் ஆன்ட்டியின் படத்தைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார். "படிக்கட்டுல ஒரு பிள்ளை நின்னிச்சாம். வீட்டுல எத்தனை பேருன்னு கேட்டாங்களாம். கேட்டு முடிக்கல, சிங்களத்துல அவ்வளவு தெளிவாச் சொல்லிச்சாம். சின்னப் பிள்ளைக்குப் பொய் சொல்ல என்ன தேவைன்னு சார்ஜன்ட் கேட்டாரு. மாத்தயா, அது நான் எழுதிக் குடுத்த பாடம், அந்தப் பையன் வர முந்தி எழுதினதுன்னு சொன்னேன். அவரு நம்பல."

*கெதர கீ தெனெக் இன்னவாத, துவே?* வீட்டில் எத்தனை பேர், மகள்? அந்தக் குரல், என் மேல் குனிந்த அந்த முகம், பச்சைக் கடதாசி சுற்றிய டொபி எல்லாம் வந்தன. என் குரலும் வந்தது. அப்பி ஹத்தர தெனய், மாத்தயா. அவர் "ஷா" என்று பாராட்டியதும், நான் பெருமையில் ஒற்றைக்காலில் துள்ளியதும்கூட. படிவத்தை மாற்றினோம், ஆணியில் கொழுவினோம். என் வாயில் இருந்த வசனத்தை மாற்ற யாருக்கும் நினைவு வரவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் எனக்காக வாதாடினேன். கிழவர் கெட்டிக்காரர், பழியை, மறுத்துப் பேச முடியாத ஒரு சின்னப் பிள்ளையின் தலையில் தூக்கி வைக்கிறார். சார்ஜன்ட் எங்கே, சாட்சி எங்கே? பம்பலப்பிட்டி தாண்டும்வரை இந்த வழக்கு நின்றது. பிறகு ஒன்று உறைத்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் எல்லோரையும் விசாரித்தார்கள். படிக்கட்டில் நின்ற என்னை மட்டும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. டொபிக் கடதாசியை நான் தலையணைக்குக் கீழ் ஒளித்து வைத்தேன், யாரிடம் வாங்கினாய் என்று அம்மா ஏசுவார் என்று.

அம்மாவிடம் சமையலறையில் சொன்னேன்.

"அந்தாள் சொன்னதை நம்பிக்கொண்டு வந்திருக்கிறாய்."

"எனக்கு ஞாபகம் இருக்கு அம்மா."

"இப்ப வந்த ஞாபகம்."

"அந்த வசனத்தை எனக்குப் பாடமாக்கினது ஆர்? நீங்கள்தானே?"

அம்மா இன்னொரு வெங்காயத்தை எடுத்து உரித்தார். "எழுதித் தந்தது அந்தாள்" என்றார். வரவேற்பறையில் அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

அண்ணாவுக்குச் சொல்வதுதான் பெரிய வேலை. இரண்டு நாள் எழுதி எழுதி அழித்தேன். பிறகு அழைத்தேன். ஒரே மூச்சில் எல்லாம் சொல்லி முடித்தேன். அண்ணா வாகனத்தை ஓரம் கட்டும் சத்தம் கேட்டது.

"உனக்கு அப்ப எத்தினை வயசு?"

"ஏழு."

"ஏழு." அவரும் சொல்லிப் பார்த்தார். "ரேடியோ எண்டு சும்மாவே பேர் வச்சனான்?" சிரித்தார். அந்தச் சிரிப்பு எப்போது நிற்கப்போகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். "அப்ப அந்த மனுசனிட்ட நான் போய்க் கேக்க இருந்த கேள்வி?"

"இனிக் கேக்க வேண்டாம் அண்ணா."

"ம். நான் வருவன். ஆனா உங்கட வீட்டில நிக்கேல்லை, ஹோட்டல் ஒண்டு புக் பண்ணிட்டன். பிள்ளைகளுக்கு ஏசி வேணும்."

எப்போது புக் பண்ணினீர்கள் என்று கேட்க வாய் உன்னியது. கேட்கவில்லை. நேற்றா, அதற்கு முன்னரா என்று இன்றும் யோசிக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை காலை வீடு முழுக்கப் பயறு வறுக்கும் வாசனை. எந்தப் பண்டிகையும் இல்லை. அம்மா பயற்றம் உருண்டைகளை நீலப் பூத் தட்டில் அடுக்கி, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்துத் துணியால் கட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"குடுத்திட்டு வா. உள்ளுக்குப் போய் இருக்காதை. ஆர் செய்தது எண்டு கேட்டால்..."

"ஏன் கேக்கிறியள் எண்டு கேக்கிறன்."

"வாய்" என்றார் அம்மா.

கீழ் வீட்டு அங்கிள் வாசலிலேயே துணியை அவிழ்த்தார். உருண்டைகளைப் பார்க்கவில்லை, தட்டின் விளிம்பைத்தான் விரலால் தடவினார். "ஆறு தட்டு செட் மகள் இது. அஞ்சுதான் வீட்டுல இருக்கு. மேல் வீட்டுக்காரங்க தட்டையும் தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னு உங்க ஆன்ட்டி கடைசி வரைக்கும் சொல்லிட்டிருந்தா."

அண்ணா வந்தால் சண்டைக்கு வரமாட்டார் என்றேன். தலையாட்டினார். பிறகு தட்டை என் பக்கம் நீட்டினார்.

"முதல்ல நீங்க ஒண்ணு சாப்பிடுங்க."

உபசரிப்பா, வேறெதுவுமா என்று அந்த முகத்தில் எனக்குப் பிடிபடவில்லை. ஒன்றை எடுத்துக் கடித்தேன். நான் மென்று விழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவரும் ஒன்று எடுத்தார்.